மே மாதத்துக் கடிதம்

மே மாதம் பாதி தாண்டியதும் காவிரி டெல்டாவின் கன்னியர் மடங்களில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். வெளியாருக்கு அது தெரியாது. பள்ளிக்கூடம் விடுமுறையில் இருக்கும், விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள். அந்தச் சமயம் பார்த்து மாநிலத் தலைவியிடமிருந்து, அதாவது கன்னியர் சபையின் ஒரு பகுதிக்குப் பொறுப்பான மூத்த சிஸ்டரிடமிருந்து, கடிதம் வரும். யார் எந்த மடத்துக்கு, என்ன வேலைக்கு என்பது அதில் இருக்கும். ஏன் என்பது இருக்காது. பல வருடம் ஒரே பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கோ ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறைப் பொறுப்புக்குப் போவார். மருந்தகத்தில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் சத்தீஸ்கருக்கு ரயில் ஏறுவார். பள்ளி திறப்பதற்குள் புது இடத்தில் இருந்தாக வேண்டும்.

என் அப்பாவின் தங்கை இப்படிப் பல கடிதங்களைப் பிரித்துப் படித்தவர். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் ‘சிஸ்டர் அத்தை’. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், பூண்டி மாதா கோயிலுக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில் எங்கள் ஊர். தாத்தாவுக்கு ஏழு பிள்ளைகள், அத்தை ஐந்தாவது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு மடத்தில் சேர்ந்தவர், இப்போது சபையின் ஓய்வு இல்லத்தில் இருக்கிறார்.

கன்னியர் வாழ்க்கை என்றால் ஊரில் எல்லோரும் கல்யாணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னோடு வேலை செய்கிறவர்களும் அப்படித்தான்: “உங்கள் அத்தைக்கு என்ன மனவருத்தம், ஏன் மடத்துக்குப் போனார்கள்?” கன்னியர் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதிகள், அதாவது வார்த்தைப்பாடுகள், கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று மூன்று. மற்ற இரண்டும் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. மூன்றில் எது பாரம் என்று ஒருமுறை அத்தையிடமே கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை அவர். “கல்யாணம் வேண்டாம் என்று ஒரு தடவை முடிவெடுத்தால் போதும். இந்தக் கீழ்ப்படிதல் வருடா வருடம் மே மாதம் வரும்” என்றார்.

அவருக்கு வந்த அழைத்தலின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். துறவுக்குக் கடவுள் கூப்பிடுவதைத் திருச்சபை இறையழைத்தல் என்கிறது. ஞாயிறு மறையுரைகளில் அது பைபிளில் சாமுவேல் சிறுவனுக்கு இரவில் கேட்ட குரலைப் போல வரும். அத்தைக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் மறைக்கல்வி எடுக்க ஊருக்கு ஒரு சிஸ்டர் வருவார். கையில் ஒரு தோல் பை. பைக்குள் மறைக்கல்விப் புத்தகம், டிங்சர் பாட்டில், பஞ்சு, கத்தரிக்கோல். பாடம் முடிந்ததும் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, நடவு வயலில் சேற்றுப்புண் வந்த பெண்களின் காலைத் தன் மடிமேல் வைத்து மருந்து போடுவார். சாதி பார்த்துத் தெருவைப் பிரித்து வைத்திருந்த ஊரில், யாருடைய கால் என்று பார்க்காத ஒரு மடி. மாலையில் தனியாக பஸ் ஏறிப் போவார். “அந்த சிஸ்டர் யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் பஸ் ஏறினார்கள். எனக்கு அதைப் பார்த்துத்தான் ஆசை வந்தது” என்பார் அத்தை. அறுபதுகளில் எங்கள் ஊரில் ஒரு பெண் தனியாகத் தஞ்சாவூர் போய் வருவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஜெபமும் பக்தியும் அவருக்குக் குறைவில்லை. அதிகாலை எழுந்து அரைமணி நேரம் அசையாமல் உட்காருகிறவர். ஆனாலும் வாசல் திறந்துவிட்டது அந்த பஸ்தான். சுதந்திரத்தைப் பார்த்து ஆசைப்பட்டுப் போனவர், கீழ்ப்படிவதாகக் கையெழுத்துப் போட்டார். இந்த முரணை நான் சொன்னபோது, “எந்த வேலையில்தான் மேலதிகாரி இல்லை?” என்று கேட்டுவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் பேசமாட்டார் என்று அர்த்தம்.

தமிழ்ப் பெண்களுக்கு இந்த வாசல் எப்போது திறந்தது என்று தேடினால் 1844இல் புதுச்சேரிக்குப் போக வேண்டும். ஆயர் (பிஷப்) பொன்னான் அந்த வருடத் தொடக்கத்தில் தன் குருக்களைக் கூட்டி நடத்திய சங்கத்தில், பிள்ளைகளின் கல்வி முக்கியப் பேச்சாக இருந்தது. அதே வருடம் அக்டோபர் 16 அன்று பாரிஸ் மிஷன் குருவான லூயி சவினியேன் துப்புய், மரியாவின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். தமிழ்ப் பெண்களே கன்னியராகித் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். (தமிழ்-பிரெஞ்சு அகராதி செய்த இருவரில் ஒருவர் இதே துப்புய். அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து சொற்களைக் கோத்த மனிதருக்கு, அவற்றைப் படிக்கத் தெரிந்த பெண் ஊரில் இல்லை என்பது உறுத்தியிருக்க வேண்டும். இது என் ஊகம்.) எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றால் கோயிலில் ஆடுகிறவள் என்று ஊர் நினைத்த காலம் அது. குடும்பப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவது அவமானம். பாடம் சொல்கிறவர் மணமாகாத இளம்பெண் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டுதான் முதல் கன்னியர் வாசற்படி தாண்டியிருப்பார்கள். கும்பகோணம் 1899இல் தனி மறைமாவட்டமாகும் வரை புதுச்சேரியோடுதான் இருந்தது. கும்பகோணம் பக்கத்து வயதான கத்தோலிக்கப் பெண்கள் பலருக்கு அரிச்சுவடி மடத்தில்தான் என்றால் அதன் வேர் இங்கே இருக்கிறது.

திருச்சிப் பக்கம் கதை வேறு. இயேசு சபையினர் பொறுப்பில் இருந்த அந்த மிஷனில் 19ஆம் நூற்றாண்டில் கைம்பெண்களுக்கென்றே ஒரு சபை உருவானது: புனித அன்னாள் சபை. ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் மேல்சாதிக் கத்தோலிக்கர்கள் கைம்பெண் மறுமணத்தை ஏற்கவில்லை. பதினைந்து, பதினாறு வயதில் தாலி இழந்தவளுக்கு வீட்டுக் கொல்லைப்புறம்தான் கதி. அவர்கள் சேர்ந்து வாழவும் பயன்படவும் ஓர் இடமாக அந்தச் சபை இருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு எண்ணம் ஒன்றாக வரும். எவ்வளவு பெரிய காரியம் என்று ஒன்று. மறுமணம் செய்துவைக்கத் துணியாத சமூகம் அவர்களைக் கண்ணியமாக மடத்தில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டதோ என்று இன்னொன்று. இரண்டில் எதையும் என்னால் விட முடியவில்லை.

அத்தை சேர்ந்தபோது, உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. துறவியர் தங்கள் வாழ்க்கை முறையைக் காலத்துக்கு ஏற்பப் புதுப்பிக்க வேண்டும் என்று 1965 அக்டோபரில் அந்தச் சங்கத்தின் ஏடு வந்திருந்தாலும், மடத்துக்குள் எல்லாம் மெதுவாகத்தான் மாறியது. முதலில் அவர் உடுத்தியது தலை முதல் கால் வரை மூடிய கனத்த வெள்ளை அங்கி. தஞ்சாவூர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்தவர்களை நினைத்தால் எனக்கு வியர்க்கிறது. பிறகு சேலை வந்தது. பயிற்சி இல்லத்தில் துணி மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். பாவாடை, துவாலை, தலையணை உறை எல்லாவற்றிலும் சிவப்பு நூலால் அதைத் தைத்துக்கொள்ள வேண்டும். அத்தையின் பழைய துவாலை ஒன்று எங்கள் வீட்டில் கிடந்தது. மூலையில் 47. சின்ன வயதில் அதைச் சிறைக்கைதி எண் என்று நானும் அண்ணனும் கேலி செய்து பாட்டியிடம் அடி வாங்கியிருக்கிறோம்.

பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். பெண்களைப் பிடித்துப்போய் அடைத்துவிடுகிறார்கள் என்று ஒரு பேச்சு எப்போதும் இருக்கிறது. இன்றைய திருச்சபைச் சட்டப்படி 17 வயது நிறையாதவரை நவகன்னியாக, அதாவது பயிற்சிக் கன்னியாக, சேர்த்துக்கொள்ள முடியாது. அதற்கு முன்பே மடத்தில் தங்கிப் பழகிப் பார்க்கும் காலம் ஒன்று உண்டு. நவகன்னி நிலை குறைந்தது 12 மாதம். பிறகு முதல் வார்த்தைப்பாடு. அதுவும் தற்காலிகமானது, மூன்று முதல் ஆறு ஆண்டு வரை, தேவைப்பட்டால் ஒன்பது வரை நீளும். அந்தக் காலம் முடிந்தால் “நான் போகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போகலாம். இத்தனையும் கடந்து, 21 வயதும் நிறைந்த பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு. போகிறவர்கள் போகட்டும் என்றுதான் இத்தனை படிகளும் வைக்கப்பட்டிருக்கின்றன.

சட்டம் விட்டாலும் ஊர் விடாது. எங்கள் தெருவிலேயே அப்படித் திரும்பி வந்தவர் ஒருவர் உண்டு. நவகன்னி நிலையில் எட்டு மாதம் இருந்துவிட்டு, தனக்கு இது சரிப்படாது என்று வந்துவிட்டார். வீட்டில் யாரும் வெளிப்படையாகத் திட்டவில்லை. ஆனால் கோயிலில் பெண்கள் பக்கம் அவருக்கு அருகில் உட்காரத் தயங்கினார்கள். என்ன தப்பு செய்தாளோ என்று கிணற்றடியில் பேசினார்கள். “மடத்திலிருந்து வந்தவள்” என்ற பெயரோடு மாப்பிள்ளை கிடைக்க வருடங்கள் ஆயின. தனக்கு அழைத்தல் இல்லை என்று நேர்மையாகக் கண்டுபிடித்த ஒரு பெண்ணை, ஓடிவந்தவளாகவே ஊர் பார்த்தது. பிள்ளையை மடத்துக்கு அனுப்பும்போது சப்பரம் தூக்காத குறையாக வழியனுப்பும் அதே ஊர்தான் இது. விருப்பமில்லாமலும் சிலர் மடத்தில் தங்கிவிடுகிறார்கள் என்றால், அதற்கு மடத்துச் சுவரைவிட இந்தக் கிணற்றடிப் பேச்சுக்கே பயந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வரதட்சிணைக்கு வழியில்லாமல் அனுப்புகிறார்கள் என்ற குத்தல் பேச்சும் உண்டு. சில வீடுகளில் அது உண்மையாகவும் இருந்திருக்கிறது. மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அத்தை செய்த வேலைகளில் அவருக்கே பிடித்தது தொழுநோயாளிகளோடு இருந்த வருடங்கள். கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் இருக்கும் திரு இருதய தொழுநோய் மருத்துவமனையை டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அத்தை இருந்தது வேறு ஊரில், இன்னும் சிறிய இடத்தில். 1982இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்த பிறகு நோயைக் குணப்படுத்துவது எளிதாகிவிட்டது. 2005 முடிவில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நோய் ஒழிந்ததாக இந்தியா அறிவித்தது. ஆனால் நரம்பு செத்துப்போன பாதத்துக்கு மாத்திரை கிடையாது. முள் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. தினமும் அந்தப் பாதத்தை அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் இருபது நிமிடம் ஊறவைக்க வேண்டும். பிறகு தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து எடுத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் பூச வேண்டும். பிறகு விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: வெடிப்பு, சிவப்பு, சீழ். உள்ளே மிருதுவான ரப்பர் வைத்த செருப்பை மாட்டிவிட வேண்டும். அத்தை இதை எனக்குச் சொல்லிக்காட்டியபோது என் காலையே பிடித்து விரல் விரலாகப் பிரித்தார். ஓர் ஆசாரியின் கவனம் அந்தக் கையில் இருந்தது. “பாதி நாள் அவர்களுக்கே செய்துகொள்ளக் கற்றுக்கொடுப்பதுதான் வேலை. நாம் இல்லாதபோதும் கால் இருக்க வேண்டுமே” என்றார். அங்கேதான் இருந்துவிடுவோம் என்று நினைத்தாராம். ஒரு மே மாதம் கடிதம் வந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணி நிரம்பி வழிந்தது. கடல் உள்ளே வந்து போனபின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தையின் மடத்திலிருந்து அன்று மாலையே வேன் கிளம்பியது. அந்த நாட்களைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை. உடல்களைத் துணியால் மூடியதையும், அடையாளம் காட்ட வந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் தவிர. கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாட்டின் பலத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று என் அப்பா சொல்வார். போ என்றதும் போக, வீடு வாசல் என்று கவலை இல்லாத, கட்டுப் போடவும் கணக்கு எழுதவும் தெரிந்த பெண்கள் ஒரே நாளில் இத்தனை பேர் வேறு எங்கே கிடைப்பார்கள்? அந்த நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் அதே ஏற்பாடுதான் சாதாரண நாட்களில் அவர்களை மலிவான ஆட்களாகவும் ஆக்கிவிடுகிறது. பங்குக் கோயிலில் தேர்பவனி என்றால் பூ கட்டுவது யார், ஆயர் வந்தால் சமைப்பது யார், பீடத்துணி துவைப்பது யார்? கட்டடத் திறப்பு விழாக் கல்வெட்டில் ஆயர் பெயரும் பங்குத்தந்தை பெயரும் நன்கொடையாளர் பெயரும் இருக்கும். அந்தக் கட்டடத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கிய சிஸ்டரின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

ஏழ்மை வார்த்தைப்பாட்டுக்கு வந்தால், அது நீதிமன்றம் வரை போன விவகாரம். அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்க்கும் சிஸ்டருக்கு மற்ற ஆசிரியர்களைப் போலவே அரசு சம்பளம் தருகிறது. ஆனால் துறவி சம்பாதிப்பதெல்லாம் சபைக்குச் சொந்தம் என்பது திருச்சபைச் சட்டம். அத்தைக்குக் கையில் கிடைத்தது பஸ் செலவும் சில்லறைச் செலவும்தான். சோப்பு வாங்கினாலும் கணக்கு எழுத வேண்டும். வார்த்தைப்பாடு கொடுத்தவருக்குச் சிவில் மரணம் நேர்ந்துவிடுகிறது (உயிரோடு இருந்தாலும் சொத்து, வருமான விஷயத்தில் இறந்தவருக்குச் சமம்), சம்பளம் அவருடைய வருமானமே ஆகாது, எனவே வரி பிடிக்கக் கூடாது என்று சபைகள் வாதிட்டன. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் இதை ஏற்கவில்லை. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்தது. பணத்தை யாரிடம் கொடுத்தாலும் சம்பளம் சம்பளம்தான், வரி பிடிக்கத்தான் வேண்டும் என்று முடிந்தது. தீர்ப்பு சரி என்பது என் கட்சி. அத்தையும் மறுக்கவில்லை. “உயிரோடு இருக்கிறோம் என்று கோர்ட்டாவது சொல்லிற்றே” என்று சிரித்தார்.

அந்த வழக்கை நடத்திய சபைகளில் ஒன்று, மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபை. அது பிறந்த கதையை நான் அத்தைக்கு நினைவூட்டிக்கொண்டே இருப்பேன். பிரான்சிலிருந்து 1865இல் மதுரை மிஷனுக்கு வந்த எலென் தெ ஷப்போத்தென், தன் சபையின் இந்திய மடங்களுக்குத் தலைவியானவர். உள்ளுக்குள் பிணக்கு முற்றி, 1876இல் அவரோடு சேர்த்து இருபது பேர் அந்தச் சபையை விட்டு வெளியேறி உதகமண்டலத்துக்குப் போனார்கள். அடுத்த வருடம் ஜனவரி 6 அன்று புதுச் சபைக்கு ரோமின் அனுமதி கிடைத்தது. அதே பெண்மணியை 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முத்திப்பேறு பெற்றவராக, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியில், அறிவித்தார். கீழ்ப்படிதலை மட்டும் பார்த்தால் அவர் உதகமண்டலத்துக்குப் போயிருக்கவே முடியாது. இதைச் சொன்னால் அத்தை, “அவர்கள் ரோமுக்குப் போய்க் கேட்டார்கள், நீ சொல்கிற மாதிரி சண்டை போட்டுக்கொண்டு ஓடவில்லை” என்று விட்டுக்கொடுக்காமல் பேசுவார். ஆனால் அவரும் ஒரு முறை மாநிலத் தலைவிக்கு மறுப்புக் கடிதம் எழுதியவர்தான். ஜார்க்கண்டிலிருந்து வந்து தமிழ் கற்றுக்கொண்டிருந்த இளம் சிஸ்டர் ஒருவரைத் தேர்வுக்கு முன்பே இடம் மாற்றினார்கள் என்பதற்காக எழுதினார். மாற்றல் ரத்தாகவில்லை. தேர்வுக்கு மட்டும் விடுப்பு கிடைத்தது.

ஜார்க்கண்ட், ஒடிசாப் பெண்கள் இப்போது டெல்டா மடங்களில் கண்ணில் படுகிறார்கள். நம் ஊர்ப் பெண்கள் சேர்வது குறைந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்றான பிறகு யார் மடத்துக்கு அனுப்புவார்கள் என்று குருக்கள் வருத்தப்படுகிறார்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதியைச் செய்தவர்கள் சிஸ்டர்களே. தனியாக பஸ் ஏற, வேலைக்குப் போக, வெளியூர் பார்க்க, அத்தை காலத்து டெல்டாப் பெண்ணுக்கு மடம் ஒன்றுதான் வழி. திருச்சியில் 1923இல் தொடங்கிய ஹோலி கிராஸ் கல்லூரி முதல் ஊர்ப்புறத் தையல் பள்ளி வரை அவர்களே திறந்துவைத்த வழிகளில் அவர்களுடைய மாணவிகள் போய்விட்டார்கள். இதை இழப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சென்ற வருடம் அழைத்தல் முகாமுக்கு ஆள் சேர்க்க ஒரு சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணன் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். நர்ஸாகி ஜெர்மனி போக வேண்டும் என்பது அவள் கனவு. “எங்கள் சபைக்கு ஜெர்மனியிலும் மடம் இருக்கிறது” என்றார் சிஸ்டர். இவள் உடனே, “நான் கேட்டால் அங்கே அனுப்புவீர்களா?” என்றாள். சிஸ்டர் நல்லவர், பொய் சொல்லவில்லை. “கேட்கலாம்மா. அனுப்புவது சபையின் முடிவு” என்று சொல்லிக் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவள் இப்போது தஞ்சாவூரில் நர்சிங் படிக்கிறாள். அத்தைக்கு ஓய்வு இல்லத்தில் கொடுத்திருக்கும் பொறுப்பு ஜெபப்பணி. அது போதவில்லை போலிருக்கிறது. ஞாயிறு மாலை ஆனால் இவளுக்குப் போன் செய்து பாதத்து எலும்புகளின் பெயரை வரிசையாகக் கேட்கிறார். ஒன்று விட்டுப்போனாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.